குளிருக்கு ஏறாத விதை

போன கிழமை ஒரு படம் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது தாதியாக இருக்கும் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். சின்ன வெள்ளைப் பெட்டி, உள்ளே இரட்டை உறைக்குள் ஒரு செயற்கை விதை, விதை எடுக்கப்பட்ட ஆண்களுக்கு வைக்கிறது. கூடவே குரல் பதிவு. இப்போதெல்லாம் எல்லாருக்குமே ஸ்கேனில் அளவெடுத்து, இன்னாருக்கென்றே செய்து அனுப்புகிறார்களாம். "நோயாளிங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கணும் அண்ணே? நீங்கதானே மெடத்தோட இருந்தீங்க" என்று கேட்டிருந்தான்.

பதில் தட்டினேன், அழித்தேன். குரல் பதிவு போட்டேன், அது நீண்டுகொண்டே போனது. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என்னைப் பற்றி. ஓய்வு பெற்ற தாதி உத்தியோகத்தர் என்று சொன்னதும் ஆட்கள் என் தலைமுடியைப் பார்க்கிறார்கள். அது கறுப்பாகத்தான் இருக்கிறது. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பில் தட்டு விலகி, முப்பத்தெட்டு வயதில் மருத்துவச் சபை என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போது தலவாக்கலையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நல்ல வேலைதான். ஆனாலும் கிளினிக் நாள் வந்தால் விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடுகிறது. போவதற்கு இடமில்லாத கால்கள் கட்டிலின் ஓரத்தில் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருக்கும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளை உடுப்பு, விடுதிச் சோறு, மனித உடம்பின் இருநூற்றுச் சொச்சம் எலும்புகளின் பெயர். அங்கே ஆணின் விதைப்பையைப் பற்றி ஒரு மத்தியானம் மட்டும் படித்தோம். அன்றைக்கு வகுப்பில் பாதிப் பேர் மேசைக்குள் தலையை வைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பெல்லாம் மெடத்தின் கிளினிக்கில் அடங்கிப்போனது. மெடம் என்பது எங்கள் சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணர், ஒரு பெண். சிங்களவர், தென்பகுதிக்காரர். மலைநாட்டுக்கு மாற்றலாகி வந்த பிறகு நோயாளிகளிடமிருந்தே தமிழ் கற்றுக்கொண்டவர். அதனால் அவருடைய தமிழ் முழுக்க லயத்துத் தமிழ், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பேசுகிற தமிழ். நிபுணர் பெண் என்று தெரிந்ததும் வாசலோடு திரும்பிப்போன ஆண்கள் உண்டு. உள்ளே வந்தவர்களும் 'அது', 'கீழே', 'அந்த எடம்' என்று சுற்றி வளைப்பார்கள். மெடம் நிமிர்ந்து பார்த்து, "கொட்டையா? எந்தப் பக்கம்?" என்பார். ஒரு நாள் நான் மெதுவாக, விதை என்று சொல்லலாமே மெடம் என்றேன். புரிகிற சொல்லைத்தான் சொல்லுவேன், வெட்கப்பட நேரமில்லை என்று சிங்களத்தில் பதில் வந்தது. என்னை அவர் மல்லி என்றுதான் கூப்பிடுவார். சிங்களத்தில் தம்பி.

அவருடைய கிளினிக்கில் ஒரு முறை இருந்தது. எந்த ஆணையும் வந்தவுடன் பரிசோதிக்க மாட்டார். பனியில் நடந்து, பஸ்ஸில் நின்று வந்தவரை முதலில் ஹீட்டர் போட்ட அறையில் உட்கார வைக்கவேண்டும். கையில் சூடாக ஒரு பிளேன்டீ. போர்வை கேட்டால் போர்வை. மெடமும் வெந்நீர்ப் பாத்திரத்தில் தன் இரண்டு கைகளையும் முக்கி வைத்துக்கொள்வார். வெளியே வரிசை நீளும். பயிற்சி டாக்டர்மார் முணுமுணுப்பார்கள். அவர் அசையமாட்டார். குளிரில் விதைப்பை சுருங்கி, விதை மேலே ஏறிக்கொள்ளும். அப்போது தொட்டுப் பார்த்தால் அளவும் தெரியாது, உள்ளே ஒரு சின்னக் கட்டி இருந்தால் அதுவும் தெரியாது. "குளிர்ல உடம்பு பொய் சொல்லும் மல்லி" என்பார்.

பிறகு மணிச்சரம். சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகக் கோத்த முட்டை வடிவ மணிகள். ஒரு கையில் நோயாளியின் விதை, மறு கையில் மணி. இரண்டும் ஒரே அளவாகத் தோன்றும் மணிதான் கணக்கு. எனக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு பழக்கினார். தேநீர் இடைவேளையில் மேசைக்குக் கீழே சரத்தை வைத்துக்கொண்டு நான் மணியைத் தடவிச் சொல்வதும், அவர் பிஸ்கட்டைக் கடித்தபடி 'பிழை' என்பதும் ஒரு காலம். அந்த அறையின் வாசனை, ஹீட்டரில் தூசி கருகும் வாசனை, இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

புற்றுநோயால் ஒரு பக்கம் எடுக்கவேண்டியிருந்த ஒரு பஸ் கொண்டக்டர் எங்களிடம் வந்தார். அவருக்கு மெடம் செயற்கை விதையைப் பற்றிப் பேசியது கடைசியில்தான். எடுப்பதற்கு முன்னாலேயே, பிள்ளை வேண்டுமென்றால் விந்தைச் சேமித்து வைக்கும் வழி உண்டு என்று சொல்லி அதற்கு அனுப்பினார். எடுத்த பிறகு, இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் தவறாமல் வரவேண்டும், வெறும் இடத்தை நிரப்பியதால் நோய் முடிந்துவிடாது, மிச்சம் இருப்பதை மாதம் ஒரு தடவை வெந்நீரில் குளித்ததும் நீங்களே உருட்டிப் பார்க்கவேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனிதர், அளவைப் பற்றிப் பேச வந்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"போடுறதுதான் போடுறீங்க மெடம், கொஞ்சம் பெருசாவே போட்டுருங்களேன்."

"ஒங்க பஸ்ல சீட்டு நெறைஞ்ச பொறகு ஆள் ஏத்துவீங்களா?"

"ஏத்துவோமே."

மெடம் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதனால்தான் அளவை உங்களிடம் விடமாட்டேன் என்றார். பெரிதாகப் போட்டால் தோலை உள்ளிருந்து அழுத்தும், தோல் மெலியும், ஒரு நாள் அது வெளியே வந்துவிடும். கண் கேட்கும் அளவு வேறு, தோல் தாங்கும் அளவு வேறு. படம் அனுப்பிய தம்பி, இதை நீ உன்னிடம் வருகிற எல்லாரிடமும் சொல்லு.

இனி மகேந்திரன் கதை. உண்மையில் இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். பெயரை மாற்றியிருக்கிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலை ஃபெக்டரியில் வேலை. இருபத்து நாலு வயது, நல்ல உயரம், கதவைத் திறந்தால் குனிந்து வருகிற ஆள். பதினேழு வயதில் ஒரு நாள் திடீரென்று இடது விதையில் வலி எடுத்திருக்கிறது. விதை தன் நரம்புக்கொடியில் முறுக்கிக்கொண்டால் அப்படித்தான் வலிக்கும். இரத்தம் போகாது, சில மணி நேரத்துக்குள் வெட்டித் திறந்து முறுக்கை எடுக்காவிட்டால் செத்துவிடும். ஆனால் லயத்து வீட்டில் ஒரே அறை. அம்மா, அக்கா, அப்பா எல்லாரும் அங்கேதான். பையன் வயிற்றுவலி என்றான். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் தோட்டத்து டிஸ்பென்சரியில் பின்னால் கொழுந்தெடுக்கிற பெண்கள் வரிசையாக நிற்க, எங்கே வலி என்று கேட்டபோதும் வயிற்றைத்தான் காட்டினான். வயிற்றுக்குத்தான் மருந்து கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எடுப்பதைத் தவிர வழியில்லை. எங்கள் பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர் இப்படி வயிற்றுவலி சொல்லி ஒன்றை இழந்திருக்கிறார்கள் தெரியுமா? எனக்குத் தெரிந்தே நிறையப் பேர்.

அதற்குப் பிறகு மகேந்திரன் பீலிக்குப் போவதை விட்டுவிட்டான். மலையிலிருந்து குழாய் வழியாக விழும் தண்ணீரில் லயத்து ஆண்கள் எல்லாம் ஒன்றாக நின்று குளிக்கிற இடம் அது. கோவணமும் துண்டும்தான் மறைப்பு. கூட்டாளிமார் அவனுக்குக் கல்யாணப் பெண் போல வெட்கம் என்று கேலி பண்ணினார்கள். அவன் வீட்டுக்குள் வாளித் தண்ணீரில் குளித்தான்.

எங்களிடம் வந்தபோது, அடுத்த தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண், தாய்மாமன் மகள் கலா. விஷயம் அவன் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன் செயற்கை விதை வைத்துவிட்டால் கலாவுக்குத் தெரியாமலே போய்விடும் என்பதுதான் அவன் திட்டம்.

ஹீட்டர் அறையில் அவனை நெடுநேரம் வைத்திருந்து மெடம் பார்த்தார். மணிச்சரத்தில் கடைசி மணி வரை போகவேண்டியிருந்தது. வளரும் வயதில் ஒன்றை இழந்தால் மற்றது அதன் பங்கையும் சேர்த்துப் பெரிதாகிவிடுவது உண்டு. வெறுமையாகக் கிடந்த பக்கமோ சுருங்கியிருந்தது. எங்கள் அலுமாரியில் இருந்த மூன்று அளவில் எதுவுமே சரிவரவில்லை. ஸ்கேன் எடுத்து, அளவு அனுப்பி, வெளிநாட்டில் செய்து வரவழைக்கவேண்டும், மாதங்கள் ஆகும், அரசாங்கம் தராது, அளவு கொடுத்துச் செய்ததைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது என்று மெடம் விளக்கினார். அப்படிச் செய்தாலும் மற்றதைவிட ஒரு படி சின்னதாகத்தான் சொல்லுவேன், சுருங்கிய தோல் அவ்வளவுதான் தாங்கும் என்றார்.

அதெல்லாம் அவன் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

"போட்டா அவளுக்குத் தெரியாதுதானே மெடம்?"

மெடம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். தெரியும் என்றார். இடுப்புமடிப்பில் தழும்பு இருக்கும். தொட்டால் நிஜமானதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். பிறகு, பீலித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கேட்டார். ஐஸ் மாதிரி என்றான்.

"குளிர் பட்டா நெசமானது மேல ஏறும் தம்பி. இது ஏறாது. கீழ தச்சு வெச்சிருப்போம், அங்கயே இருக்கும். பாக்கிறவனுக்கு வெளங்கும்."

"அப்ப எதுக்கு இத போடுறது?"

"அதத்தான் நான் கேக்கிறேன். யாருக்காகப் போடுற? மறைக்கிறதுக்குன்னா இது ஒதவாது."

இது விந்தும் சுரக்காது, ஆண்மைக்கான ஹோர்மோனும் சுரக்காது, அந்த வேலையெல்லாம் மிச்சம் இருப்பது தனியாகவே பார்த்துக்கொள்கிறது, இரண்டுமே இல்லாதவருக்குத்தான் ஹோர்மோன் மருந்து வேண்டும், இதை வைக்காமலே விட்டாலும் உடம்புக்கு ஒரு குறையும் வராது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒபரேஷனுக்குத் திகதி மட்டும் கொடுக்கவில்லை.

நடைபாதையில் அவன் என்னைப் பிடித்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது. அந்தம்மா சொல்லிவிட்டுப் போய்விடுவார், லயத்தில் பேச்சு வாங்கப்போவது நான்தானே என்றான். அது நியாயம். கலா வேண்டாமென்று சொன்னால் முறிவது ஒரு கல்யாணம் மட்டுமல்ல, அவன் அம்மாவும் அவருடைய அண்ணனும் பேசிக்கொள்வதும் அதோடு நின்றுபோகும். ஏன் நின்றது என்று தோட்டத்தின் அடுத்த டிவிஷன் வரை கேட்பார்கள். நீங்களே ஃபோன் பண்ணிச் சொல்லிவிடுங்கள் சேர் என்று என்னிடம் கெஞ்சினான். நோயாளியின் விஷயத்தை நோயாளிதான் சொல்லவேண்டும், எனக்கு அந்த உரிமை இல்லை என்றேன். கூட்டிக்கொண்டு வந்தால் மெடம் பேசுவார் என்றேன். திரும்பி நடந்துவிட்டான். இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிளினிக்கில் வரிசையின் கடைசியில் நின்றான். பக்கத்தில் கலா. ஹற்றனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிற பெண், அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"பஸ்ல வெச்சு சொல்ல வாராரு மெடம். பக்கத்து சீட்டுல ரெண்டு பொம்பளைங்க. வயித்துவலின்னு ஆரம்பிச்சாரு. நானும் பஸ் நின்ன எடத்துல எறங்கி இஞ்சி டொபி வாங்கிக் குடுத்தேன்."

மெடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். டொபி கரைகிறவரை பேசாமல் வந்தவன், பிறகு ஃபோனில் தட்டி அவளிடம் காட்டியிருக்கிறான். அவள் படித்தாள். இறங்குகிற இடம் தாண்டிப்போய், இருவரும் திரும்ப நடந்து வந்திருக்கிறார்கள். நடந்து வந்தபோது என்ன பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவள் கேட்ட கேள்விகளை இன்றைக்கும் நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு, யாரென்று சொல்லாமல். பிள்ளை பிறக்குமா? ஒன்றே போதும், சந்தேகமென்றால் விந்துப் பரிசோதனை செய்து பார்க்கலாம். மற்றதும் முறுக்கிக்கொள்ளுமா? முதல் ஒபரேஷனிலேயே அதைத் தைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள், ஆனாலும் வலித்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. வைத்தது காலம் முழுக்க இருக்குமா? பெரும்பாலும் இருக்கும், உத்தரவாதமில்லை. கிருமி பிடித்தால் எடுத்துவிடத்தான் வேண்டும், எடுத்தால் புண் ஆறி மாதக்கணக்கில் காத்திருந்துதான் மறுபடி வைக்கலாம். இடம் மாறினாலோ வலி நின்றுபோகாவிட்டாலோ திரும்பத் திறக்க நேரலாம்.

மெடம் மேசையில் மாதிரிக்காக வைத்திருந்த ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். கலா அதை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். மகேந்திரன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எனக்காகன்னா இது வேணாம் மெடம்" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "ஒங்களுக்கு வேணுமா மச்சான்?"

வேண்டாம் என்று சொல்லப்போகிறான் என்று நினைத்து நான் அடுத்தவரைக் கூப்பிட வாசல் வரைக்கும் போய்விட்டேன். அப்படித்தானே எல்லாரும் நினைப்போம்? அன்பான பெண் கிடைத்துவிட்டாள், பிரச்சினை தீர்ந்தது.

"வேணும்" என்றான்.

அவன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். "குளிக்கிறப்ப கை போகுது கலா. போற எடத்துல ஒண்ணுமில்ல. ஒவ்வொரு நாளும் ஒண்ணுமில்ல. யாருக்கும் காட்டுறதுக்கில்ல. எனக்கு."

கலா அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். மெடம் என் பக்கம் திரும்பி, திகதி போடச் சொன்னார்.

கல்யாணம் முதலில் என்று கலா தீர்மானித்தாள். தை மாதம் அது நடந்தது. நான் போயிருந்தேன். மாப்பிள்ளை வாசலில் கதவுநிலையில் தலையை இடித்துக்கொண்டார். பங்குனியில் பெட்டி வந்தது. ஒபரேஷனுக்கு அவன் முதல் தடவை வந்தபோது தொடையில் ஒரு சீழ்க்கட்டி இருந்ததைக் கண்டு மெடம் திருப்பி அனுப்பினார். உடம்பில் எங்கே கிருமி இருந்தாலும், சிறுநீரில் இருந்தாலும்கூட, அன்றைக்கு வைக்கமாட்டார். இரண்டாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது. ஆறு கிழமைக்குத் தேயிலைச் சாக்கு எதையும் தூக்கக்கூடாது, இறுக்கமான உள்ளாடை போடவேண்டும், சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ வயிற்றுவலி என்று சொல்லாமல் நேரே வரவேண்டும் என்று நான் சொல்லி, அவனைக்கொண்டு திருப்பிச் சொல்ல வைத்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். ஆள் விழிப்பாக இருந்தான். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும் என்று மெடம் என்னை ஒபரேஷன் தியேட்டருக்குள் அழைத்திருந்தார். இடுப்புமடிப்பில் வெட்டவேண்டும், அந்த வழியாக உள்ளே இறக்கி, பையின் அடியில் ஒரு தையல் போட்டு மேலே ஏறாமல் நிறுத்தவேண்டும். உறையைப் பிரித்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய வட்டிலில் அதைப் போட்டார்கள். அப்போதுதான் மகேந்திரன் கேட்டான், வைக்கிறதுக்கு முன் ஒரு தடவை பார்க்கலாமா என்று.

கையால் தொடக்கூடாது என்று மெடம் எச்சரித்துவிட்டு, திரைக்கு மேலாக வட்டிலைச் சாய்த்துக் காட்டினார். வெள்ளையாக, வழவழப்பாக, தண்ணீருக்கடியில் கிடந்தது. அவன் தலையைத் தூக்கி நெடுநேரம் பார்த்தான்.

"இவ்வளவுதானா மெடம்?"

"இவ்வளவுதான் தம்பி."

தலையைக் கீழே வைத்தான். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துக் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். இடுப்புக்குக் கீழே ஒரு அசைவும் இல்லை, மேலே பாதி உடம்பு மட்டும் சிரித்தது. மயக்க மருந்து டாக்டருக்கும் சிரிப்பு வந்து, முகமூடி ஏறி இறங்கியது. மெடம் வட்டிலைத் திருப்பி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். அவன் சிரித்து முடிந்து, மூச்சை இழுத்துவிட்டு, "இப்ப வைங்க" என்று சொல்லும் வரைக்கும் கத்தியைக் கேட்கவில்லை.